ஒரு வாடிக்கையாளர், மூன்று கணக்கு: நிறுவனத்துக்கு ஆன்டாலஜி எழுதும் முறை

பெங்களூரு பீன்யாவில் ஷாஃப்டும் கியரும் செய்யும் ஒரு நடுத்தர நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓசூரில் ஒரு கிடங்கு உண்டு. முதலாளி பேசுவது தமிழ், ஸ்டோர்ஸில் கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு, கம்ப்யூட்டர் திரையில் ஆங்கிலம். வருடக் கடைசியில் "மொத்தம் எத்தனை கஸ்டமர்?" என்று ஆடிட்டர் கேட்கிறார். விற்பனைப் பிரிவு 210 என்கிறது. பில்லிங் மென்பொருள் 290 காட்டுகிறது. டிஸ்பேட்ச் நோட்டில் 340 இருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. விற்பனைக்காரர் ஆர்டர் கொடுக்கும் முதலாளியை எண்ணுகிறார், பில்லிங் ஜிஎஸ்டி எண்ணை எண்ணுகிறது, டிஸ்பேட்ச் லாரி போய் நிற்கும் வாசலை எண்ணுகிறது.

தொழிலும் தொழில்நுட்பமும் ஒத்துப்போகவில்லை என்று கூட்டம் போட்டுப் பேசுவதில் பெரும்பகுதி இந்த எண்ணிக்கைச் சண்டைதான். இரண்டு பொருள் எப்போது ஒன்று, எப்போது வேறு என்பதை யாரும் எழுதிவைக்காததால் வருவது. எழுதிவைத்து, எழுதியது தனக்குத்தானே முரண்படுகிறதா என்று இயந்திரத்தை விட்டே சோதிக்கும் வழிதான் முறைசார் ஆன்டாலஜி.

சொற்பட்டியல் அல்ல, டேபிள் படமும் அல்ல

ஒரு துறையில் என்னென்ன இருக்கின்றன என்று நாம் மனதில் வைத்திருக்கும் பிரிப்பை வெளிப்படையாக எழுதிவைப்பதே ஆன்டாலஜி என்ற விளக்கத்தை 1993இல் தாமஸ் குரூபர் கொடுத்தார். கணினி உலகில் இன்றுவரை இதுதான் புழக்கத்தில் இருக்கிறது. சொற்பட்டியலை மனிதர்தான் படித்துப் புரிந்துகொள்ள முடியும். டேட்டாபேஸ் படம் தகவல் எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது என்பதைச் சொல்லும், அந்தத் தகவலுக்கு என்ன பொருள் என்பதைச் சொல்லாது. ஆன்டாலஜி தர்க்க மொழியில் எழுதப்படுவதால் ரீசனர் என்ற நிரல் அதைப் படித்து, "நீங்கள் சொன்ன இரண்டும் சேர்ந்து நிற்காது" என்று சொல்லிவிடும்.

அந்தத் தர்க்க மொழி ஓ.டபிள்யூ.எல்., வாயில் வருவது "அவுல்". இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2004இல் இதைப் பரிந்துரையாக வெளியிட்டது. இப்போது பயன்படுவது 2009இல் வந்த இரண்டாம் பதிப்பு. நிறுவனத்தையும் தொழில்நுட்பத்தையும் இணைத்துப் பார்க்கும் சட்டகங்கள் இதற்கும் முந்தியவை. 1987இல் ஜக்மன் எழுதியதும், 1993இல் ஹெண்டர்சனும் வெங்கட்ராமனும் எழுதியதும் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில்தான் வெளியாயின. அவை எந்தெந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டும் என்று காட்டும். ஆனால் இரண்டு கட்டங்களில் "கஸ்டமர்" என்று எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றா என்று படம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. உங்கள் பிரச்சினை ஒரே பொருளுக்கு ஐந்து பெயர் புழங்குவது மட்டும்தான் என்றால் ஆன்டாலஜி தேவையில்லை. 2009இல் வந்த ஸ்காஸ் என்ற எளிய தரத்தில் ஒரு சொல்லடைவு போட்டால் இரண்டு வாரத்தில் வேலை முடியும். பெயர் ஒன்றாக இருந்து பொருள் வேறாக இருக்கும் இடத்தில்தான் இந்த உழைப்பு தகும்.

கேட்டைத் தாண்டும் சரக்கு: இதை மட்டும் எடுங்கள்

முழு நிறுவனத்தையும் ஒரே மூச்சில் எழுதக் கிளம்பியவர்கள் ஆறு மாதம் கழித்து 700 வகுப்புகளோடு (வகுப்பு என்பது ஒரே வகைப் பொருள்களின் தொகுதி) நிற்பார்கள். ஒரு கேள்விக்கும் பதில் வராது. முதல் சுற்றுக்கு ஒரு குறுகிய வாசலைத் தேர்ந்தெடுங்கள். இங்கே எடுத்துக்கொள்வது நிஜமாகவே வாசல்: கேட்டைத் தாண்டி வெளியே போகும் சரக்கு. அது விற்பனையாக இருக்கலாம், ஓசூர் கிடங்குக்கு மாற்றமாக இருக்கலாம், பிளேட்டிங் அல்லது ஹீட் ட்ரீட்மென்டுக்கு ஜாப் ஒர்க்காக (வெளியே கொடுத்து வேலை செய்து வாங்குவது) போகலாம், சாம்பிளாகவோ ரிஜெக்ஷன் திருப்பமாகவோ போகலாம். லாரி அதே லாரி, காவலாளி போடும் கேட் பாஸும் அதே தாள். காரணம்தான் வேறு. கணக்கு, ஸ்டோர்ஸ், மென்பொருள் மூன்றும் பிரிவது இந்த இடத்தில்தான்.

ஆட்கள் நான்கு பேர் போதும்: கணக்கில் ஒருவர், ஸ்டோர்ஸ் அல்லது டிஸ்பேட்சில் ஒருவர், நிறுவனத்தின் எல்லாப் பிரிவையும் இணைக்கும் மென்பொருளான ஈஆர்பியின் டேபிள்கள் தெரிந்தவர் ஒருவர், மாடல் எழுதுபவர் ஒருவர். வாரத்துக்கு இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 2 மணி நேரம், 8 வாரம். வகுப்புகள் 60ஐத் தாண்டினால் எல்லை கசிகிறது என்று பொருள். ஸ்டோர்ஸ்காரரை விட்டுவிட்டு மேலாளரை மட்டும் உட்கார வைப்பதுதான் வழக்கமான தவறு. எது எங்கே போயிற்று என்று தெரிந்தவர் அவர்தான். அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்பது ஒரு காரணமே அல்ல.

மொழி விஷயத்தை முதல் நாளே தீர்த்துவிடுங்கள். ஒவ்வொரு கருத்துக்கும் பொருளற்ற எண் கொண்ட ஒரு முகவரி கொடுங்கள், உதாரணமாக 0041. அதோடு தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் மொழிக்குறியோடு லேபிள் ஒட்டுங்கள். ஸ்காஸ் விதிப்படி ஒரு மொழிக்கு முதன்மை லேபிள் ஒன்றுதான், மாற்று லேபிள் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். "டிசி", "சலான்", "டெலிவரி சலான்" மூன்றும் ஒரே கருத்தின் கீழ் மாற்று லேபிளாக உட்காரும். முகவரிக்குள்ளேயே துறையின் பெயரையோ ஆங்கிலச் சொல்லையோ வைத்துவிட்டால், நாளைக்குத் துறை பிரியும்போது முகவரியும் பொய்யாகிவிடும்.

சண்டைச் சொற்களைப் பிடிப்பது

அமர்வில் "கஸ்டமர் என்றால் என்ன?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டி ஒரே வரையறையைச் சொல்லிவிட்டு, இடத்துக்குத் திரும்பியதும் பழையபடி எண்ணுவார்கள். மேஜையில் உண்மையான தாள்களைப் பரப்புங்கள்: 10 இன்வாய்ஸ், 10 சலான், 5 கிரெடிட் நோட். ஒவ்வொன்றிலும் விரல் வைத்து மூன்று கேள்வி கேளுங்கள். இதில் எது மாறினால் இது வேறு ஆளாகிவிடும்? இது எப்போது பிறந்தது? எப்போது முடியும்? பதில்கள் பிரியும் சொல்தான் சண்டைச் சொல். ஒரு தாளில் நான்கு பத்தி போட்டு எழுதுங்கள்: சொல், யார் சொல்கிறார், ஒரு உண்மை உதாரணம், எது மாறினால் இரண்டாகும்.

இந்த நிறுவனத்தில் கிடைக்கும் சொற்கள் பெரும்பாலும் இவையாகத்தான் இருக்கும்: கஸ்டமர், சேல், ஸ்டாக், ஐட்டம், ரிட்டர்ன், கேன்சல். கடைசிச் சொல்லைப் பலர் சாதாரணமாக விட்டுவிடுவார்கள். இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள்தான் போர்ட்டலில் ரத்து செய்ய முடியும், அதற்குப் பிறகு கிரெடிட் நோட்தான் வழி. ஆனால் ஸ்டோர்ஸ்காரர் "கேன்சல்" என்பது லாரி திரும்பி வந்ததை. பில் ரத்தாகிச் சரக்கு போயிருக்கலாம், சரக்கு திரும்பிப் பில் நிற்கலாம்.

கேள்விகள் முதலில்

டொரண்டோ பல்கலைக்கழகத்தில் குரூனிங்கரும் ஃபாக்ஸும் 1990களில் நிறுவன ஆன்டாலஜிக்காக உருவாக்கிய முறை இது: ஆன்டாலஜி எந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிடுவது. எது உள்ளே, எது வெளியே என்று தீர்மானிக்க இதைவிட நல்ல கத்தி கிடையாது. 15 முதல் 25 கேள்விகள் போதும். யார் கேட்கிறார், பதிலை வைத்து என்ன முடிவெடுப்பார் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதுங்கள். முடிவு எதுவும் இல்லாத கேள்வியை அடித்துவிடுங்கள். மாதிரிக்கு:

ஜாப் ஒர்க்குக்குப் போய் 300 நாள் தாண்டியும் திரும்பாத சரக்கு எது, யாரிடம் இருக்கிறது?
இந்த மாதம் ஜிஎஸ்டி கணக்கில் வழங்கலாக (சப்ளை) வந்து, வருமானமாக வராத தொகை எவ்வளவு?
ஒரே பான் எண்ணின் கீழ் எத்தனை லெட்ஜர், மொத்த பாக்கி எவ்வளவு, கடன் வரம்பு எவ்வளவு?
நமக்குச் சொந்தமான சரக்கில் நம் கூரைக்கு வெளியே இருப்பது எவ்வளவு?
மாதக் கடைசி நாளில் பில்லிங் சர்வர் 4 மணி நேரம் நின்றால் எந்தெந்த அனுப்பல்கள் நிற்கும்?

கடைசிக் கேள்வி தொழில்நுட்பப் பக்கத்தையும் மாடலுக்குள் இழுத்துவருகிறது. அனுப்பல் என்ற நிகழ்வு எந்த ஆவணத்தை நம்பியிருக்கிறது, அந்த ஆவணம் எந்த மென்பொருளில் பிறக்கிறது, அது எந்த சர்வரில் ஓடுகிறது என்று மூன்று உறவு எழுதினால் போதும். இதற்கென்று தனி ஆர்க்கிடெக்சர் படம் வேண்டியதில்லை.

எழுதும்போது: யார், எது, ஏன்

முதலில் கஸ்டமர். இது ஒரு பொருளே அல்ல, பொருள் ஏற்கும் பாத்திரம். ஜாப் ஒர்க்கர் ஒருவரே நம்மிடம் ஸ்கிராப் வாங்கினால் அன்று அவர் கஸ்டமர். அவர் கஸ்டமராக இல்லாமல் போனாலும் ஆள் இருப்பார். குவாரினோவும் வெல்டியும் வகுத்த ஆன்டோகிளீன் முறை சொல்வது இதுதான்: நிலையாக இருக்கும் வகுப்பை, வந்து போகும் பாத்திரத்தின் கீழ் வைக்காதே. "கஸ்டமர்" என்பதன் உள்வகுப்பாகத் "தனிநபர்", "கம்பெனி" என்று போடுவது பார்க்கச் சரியாகத்தான் தெரியும். அதன் தர்க்கப் பொருளோ உலகத்தில் உள்ள எல்லாத் தனிநபரும் உங்கள் கஸ்டமர் என்பது. டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு லெட்ஜர் ஒரே குரூப்பில்தான் இருக்க முடியும். அதனால்தான் அந்த ஜாப் ஒர்க்கருக்கு சண்ட்ரி டெப்டர்ஸில் (நமக்குத் தர வேண்டியவர்கள்) ஒன்று, கிரெடிட்டர்ஸில் (நாம் தர வேண்டியவர்கள்) ஒன்று என்று சற்றே மாறிய பெயரில் இரண்டு லெட்ஜர் முளைக்கிறது.

ஆகவே நான்கு வகுப்புகளாகப் பிரியுங்கள்: சட்டப்படி ஆள், ஜிஎஸ்டி பதிவு, இடம், வணிக உறவு. பிரிக்கும் கோடுகளைச் சட்டமே போட்டுத் தந்திருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, கர்நாடகத்துக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். பதின்மூன்றாவது, அந்த மாநிலத்தில் அந்த பான் எண்ணுக்கு இது எத்தனையாவது பதிவு என்பது. ஆக, ஒரு சட்ட ஆளுக்குப் பல பதிவு, ஒரு பதிவுக்குப் பல இடம். விற்பனையின் 210, பில்லிங்கின் 290, டிஸ்பேட்சின் 340 மூன்றும் இந்த மூன்று அடுக்கில் தனித்தனியாக உட்காரும்.

ஒரு சிக்கல் இங்கே உண்டு. புரொப்ரைட்டர்ஷிப் கடைக்குத் தனி பான் கிடையாது, உரிமையாளரின் சொந்த பான்தான். பான் எண்ணின் நான்காவது எழுத்து "பி" என்றால் தனிநபர், "சி" கம்பெனி, "எஃப்" கூட்டு நிறுவனம். பீன்யா போன்ற இடத்தில் ஒரே ஆள் இரண்டு பெயர்ப்பலகையில் இரண்டு பட்டறை நடத்துவது சகஜம். இங்கே மட்டும் விற்பனைக்காரர் பெயர்ப்பலகையைப் பார்த்து இரண்டு கஸ்டமர் என்று எண்ணி, ஆளுக்கு 5 லட்சம் கடன் வரம்பு தந்திருப்பார். சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள், 10 லட்சம். கடையின் பெயரைச் சட்ட ஆளின் அடையாளமாக வைக்காமல், வணிக உறவின் பண்பாக வையுங்கள்.

அடுத்து விற்பனை. பெங்களூரிலிருந்து ஓசூர் கிடங்குக்கு நம் சரக்கையே அனுப்பினாலும் பதிவு 29, 33 என்று வேறாக இருப்பதால், ஜிஎஸ்டி சட்டத்தின் 25(4) பிரிவு இரண்டையும் தனித்தனி நபராகப் பார்க்கிறது. இன்வாய்ஸ் போட வேண்டும், மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி கட்ட வேண்டும், சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கு நகர்வுக்கான இ-வே பில்லும் வேண்டும். மென்பொருளுக்கு இன்வாய்ஸ் என்றால் சேல். கணக்குப்பிள்ளைக்கு இது வருமானமே அல்ல, ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றியது. "வழங்கல்" என்று ஒரு பெரிய வகுப்பு வைத்து, அதன் கீழ் "விற்பனை", "கிளை மாற்றம்" என்று இரண்டு உள்வகுப்பு போடுங்கள். இரண்டும் ஒட்டாதவை, அதாவது ஒரே உருப்படி இரண்டிலும் இருக்க முடியாது என்றும் அறிவியுங்கள். கொடுப்பவர் பான் எண்ணும் வாங்குபவர் பான் எண்ணும் வேறாக இருந்தால் விற்பனை, ஒன்றாக இருந்தால் கிளை மாற்றம்.

இந்த ஒப்பீட்டை அவுலில் எழுத உட்கார்ந்தால் ஒரு நாள் வீணாகும். இரண்டு உறவுச் சங்கிலிகளின் மறுமுனை மதிப்புகளை ஒப்பிடும் வசதி அதில் இல்லை. அனுமதித்தால் ரீசனர் முடிவுக்கே வராமல் போகலாம் என்பதால் விட்டுவிட்டார்கள். அவுலில் வகுப்பையும் ஒட்டாமையையும் மட்டும் வைத்துவிட்டு, ஒப்பீட்டை ஷாக்கிள் (தரவைச் சோதிக்கும் தரம்) விதிக்குள் ஸ்பார்க்கிள் (இந்தத் தரவிடம் கேள்வி கேட்கும் மொழி) கேள்வியாக எழுதுங்கள்.

ஜாப் ஒர்க்கில் உடைமையும் இருப்பிடமும் பிரிகின்றன. சரக்கு போவது சலானில், உரிமை நம்மிடமே. 143ஆம் பிரிவின்படி மூலப்பொருள் ஒரு ஆண்டுக்குள்ளும் மூலதனப் பொருள் மூன்று ஆண்டுக்குள்ளும் திரும்ப வேண்டும். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே வழங்கல் நடந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், வரியும் வட்டியும் அந்த நாளிலிருந்து. டை, ஜிக், ஃபிக்ஸ்சர், டூல் இவற்றுக்குக் கெடு இல்லை. பெங்களூரிலிருந்து ஓசூர் ஜாப் ஒர்க்கருக்குப் போனால், மாநிலம் தாண்டுவதால், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். பல ஈஆர்பிகளில் ஜாப் ஒர்க்கரை ஒரு போலிக் கிடங்காகச் சேர்த்திருப்பார்கள். அப்போது 300 நாள் கேள்விக்குப் பதில் வராது. கிடங்கில் சரக்கு எவ்வளவு என்று தெரியும், எப்போது அனுப்பியது என்பது தெரியாது. கெடு ஓடுவது அனுப்பல் என்ற நிகழ்வின் தேதியிலிருந்து. எனவே அனுப்பலை ஒரு நிகழ்வாக, தன் தேதியோடு எழுதுங்கள். உடைமை, இருப்பிடம் இரண்டையும் லாட்டின் (ஒரே தொகுப்பாகச் செய்த சரக்கின்) தனித்தனி உறவுகளாக வையுங்கள்.

இன்வாய்ஸ் ஆவணம், விற்பனை நிகழ்வு, சரக்கு பொருள். இந்த மூன்றையும் கலக்காமல் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எல்லாத் துறைக்கும் பொதுவான பிரிவுகளைத் தரும் மேல்நிலை ஆன்டாலஜிகள் கற்றுத்தருவதும் இதையே. அவற்றில் பிஎஃப்ஓ என்பது 2021இல் ஐஎஸ்ஓ 21838 தரத்தின் இரண்டாம் பகுதியாகவே வந்துவிட்டது. நிறுவன வேலைக்கு ஜிஸ்ட் என்ற இன்னொன்று இன்னும் இலகு. எதையும் முழுசாக இறக்கி ஏற்ற வேண்டாம். நீடிப்பது, நிகழ்வது, தகவல் தாங்குவது என்ற பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் மேல்வகுப்புகளை அவற்றின் கீழ் தொங்கவிட்டால் போதும்.

ஐட்டம் பற்றி ஒரு சொல். ஈஆர்பி ஐட்டம் மாஸ்டரில் 4,000 குறியீடு இருந்தால் 4,000 வகுப்பு போடக் கை அரிக்கும். வேண்டாம். "பாகக் குறியீடு" என்று ஒரே வகுப்பு, ஒவ்வொரு குறியீடும் அதன் உருப்படி. ஹீட் நம்பர் (எஃகு உருக்கிய தொகுப்பின் எண்) கொண்ட "லாட்" இன்னொரு வகுப்பு, "இந்தக் குறியீட்டின்படி செய்தது" என்ற உறவால் இணையும். ஷாஃப்ட் வரைபடம் ஒன்று, ஷாஃப்ட் ஆயிரம். வரைபடம் துருப்பிடிக்காது.

வரி விகிதத்தையும் வகுப்பாக்காதீர்கள். "28 சதவீதப் பொருள்" என்று வகுப்பு எழுதியவர்கள் 2025 செப்டம்பர் 22 அன்று விகிதங்கள் மாறியபோது மாடலையே பிரித்து மேய வேண்டி வந்திருக்கும். விகிதம் என்பது தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் கொண்ட ஒரு தகவல்.

ரீசனரிடம் மாட்டும் இடங்கள்

எழுதுவதற்கு ஸ்டான்ஃபோர்டின் இலவசக் கருவி புரோட்டேஜே போதும், ஹெர்மிட் ரீசனர் அதோடு வருகிறது. கோப்பை டர்ட்டில் என்ற உரை வடிவில் சேமித்து, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் போடுங்கள், வேறுபாடு வரிவரியாகத் தெரியும். பத்து விதி எழுதியதும் ஒருமுறை ரீசனரை ஓட்டுங்கள். நூறு எழுதிவிட்டு ஓட்டினால் எந்த விதி கெடுத்தது என்று தேடித் தேடிக் கண் பூத்துவிடும். ஒரு வகுப்பு சிவப்பாகி வெற்று வகுப்பின் கீழ் போய்விட்டால், அதற்குள் எதுவும் இருக்கவே முடியாது என்று பொருள். விளக்கம் கேட்கும் பொத்தானை அழுத்துங்கள், மோதும் விதிகளைக் காட்டும்.

டேட்டாபேஸில் பழகியவர் கை வைக்கும்போது நான்கு இடத்தில் வழுக்குவார்.

அவுலுக்குத் தெரியாதது இல்லாதது ஆகாது. ஒரு சட்ட ஆளுக்கு பான் கட்டாயம் என்று எழுதியும் பான் இல்லாத பதிவை ரீசனர் பிழை என்று சொல்லாது. எங்கோ இருக்கும், இன்னும் நமக்குச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளும்.

டொமைன் (பண்பு எந்த வகுப்புக்கு உரியது), ரேஞ்ச் (அதன் மதிப்பு எந்த வகை) இரண்டும் காவலாளி அல்ல. "ஜிஎஸ்டி எண் உடையது" என்ற பண்புக்கு டொமைன் "பதிவு" என்று போட்டுவிட்டு, தவறுதலாக ஒரு லாரிக்கு அந்தப் பண்பை ஒட்டினால் அது தடுக்காது. அந்த லாரியும் ஒரு பதிவுதான் என்று முடிவு கட்டிவிடும். லாரியும் பதிவும் ஒட்டாதவை என்று எழுதியிருந்தால்தான் முரண் வெளிப்படும். ஒட்டாமை விதிகள் இல்லாத ஆன்டாலஜியில் ரீசனர் ஒருநாளும் சண்டை போடாது, அதைப் பார்த்து மகிழ வேண்டாம்.

"மட்டும்" என்ற கட்டுப்பாட்டை "குறைந்தது ஒன்று" இல்லாமல் எழுதாதீர்கள். "இந்தச் சலானின் பெறுநர் ஜாப் ஒர்க்கர் மட்டும்" என்றால், பெறுநரே கிடையாது என்று அறியப்பட்ட சலானும் விதிக்கு உட்பட்டதே.

நான்காவதுதான் விபரீதம். இரண்டு பெயர் இரண்டு ஆள் என்று அவுல் எண்ணாது. சட்ட ஆளுக்கு பான் எண்ணைச் சாவியாக அறிவித்தால், ஒரே பான் கொண்ட இரண்டு கஸ்டமர் குறியீடும் ஒரே ஆள் என்று ரீசனர் தானே இணைத்துவிடும். நாம் கேட்டதும் இதைத்தான். ஆனால் பதிவில்லாதவருக்கு பான் கட்டத்தில் "யூஆர்பி" (பதிவில்லாதவர் என்பதன் சுருக்கம்) என்றோ ஒரு போலி எண்ணையோ அடித்துவைப்பது பில்லிங்கில் வழக்கம். அப்படியே ஏற்றினால் ஸ்கிராப் வாங்கும் அத்தனை பேரும் ஒரே மனிதராகிவிடுவார்கள், அவர் பாக்கி மலையாக நிற்கும். ஏற்றும் முன் வடிகட்டுங்கள்: 5 எழுத்து, 4 இலக்கம், 1 எழுத்து என்ற வடிவில் இல்லாத பான் மாடலுக்குள் நுழையவே கூடாது. வடிவு சரியாக இருந்தும் பத்துப் பேருக்குப் பொதுவாக இருக்கும் பான் எண்ணைக் கணக்குப்பிள்ளையிடம் காட்டிக் கேளுங்கள்.

ஆகவே வேலையைப் பிரியுங்கள். பொருள் சொல்ல அவுல், தரவைத் தடுக்க 2017இல் பரிந்துரையான ஷாக்கிள். ஜிஎஸ்டி எண் 15 எழுத்தா, அதன் 3 முதல் 12 வரையிலான எழுத்துகள் அந்த ஆளின் பான் எண்ணோடு பொருந்துகிறதா, முதல் இரண்டு இலக்கம் முகவரியின் மாநிலத்தோடு பொருந்துகிறதா என்பவையெல்லாம் ஷாக்கிள் வேலை. ஷாக்கிள் முன்னால் இருப்பதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும், இல்லாவிட்டால் இல்லை என்றே சொல்லும்.

லட்சக்கணக்கான இன்வாய்ஸ் வரிகளை ஹெர்மிட்டின் தலையில் ஏற்றாதீர்கள், திணறும். மாதிரிக்கு 50 உருப்படி வைத்து அதில் சோதியுங்கள். முழுத் தரவை டிரிப்பிள்ஸ்டோரில் (இத்தகைய தரவுக்கான டேட்டாபேஸ்) வைத்து, அவுலின் ஆர்எல் என்ற சிக்கனப் பிரிவுக்குள் அடங்கும் விதிகளை மட்டும் அங்கே ஓட்டுங்கள்.

மென்பொருளோடு தைப்பது

ஈஆர்பி டேபிள்களை எடுத்து ஒவ்வொரு பத்தியும் ஆன்டாலஜியில் எந்தக் கருத்து என்று ஒரு தாளில் எழுதுங்கள். இயந்திரத்துக்குச் சொல்ல ஆர்2ஆர்எம்எல் என்ற 2012ஆம் ஆண்டுத் தரம் இருக்கிறது. தரவை நகர்த்தாமல், இருந்த இடத்திலேயே கேள்வி கேட்க வேண்டுமானால் ஆன்டாப் போன்ற கருவி இந்தப் பொருத்தத்தை வைத்து ஸ்பார்க்கிளை எஸ்கியூஎல் ஆக மாற்றும். முதல் சுற்றில் தினம் ஒருமுறை சிஎஸ்வி எடுத்து ஏற்றினாலும் குறைச்சலில்லை.

தாள் நிரம்பும்போது இரண்டு வகை ஓட்டை தெரியும். எந்தக் கருத்தோடும் சேராத பத்தி ஒன்று. பெரும்பாலும் பழைய ஆலோசகர் யாரோ சேர்த்து, இப்போது யாரும் நிரப்பாதது, அல்லது ஒருவர் மட்டும் தனக்குத் தெரிந்த அர்த்தத்தில் நிரப்பிவருவது. எந்தப் பத்தியும் இல்லாத கருத்து மற்றொன்று. ஜாப் ஒர்க்கிலிருந்து சரக்கு திரும்பிய தேதியும், ரிஜெக்ட் ஆன காரணமும் ஸ்டோர்ஸ்காரரின் நோட்டிலோ எக்ஸெலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ இருக்கும். மென்பொருளில் அடுத்து எதைச் சேர்க்க வேண்டும், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்ற பட்டியல் இதுதான். ஐடி பட்ஜெட் கூட்டத்துக்கு இந்த ஒரே தாளை எடுத்துக்கொண்டு போகலாம். ஒவ்வொரு ஓட்டைக்கும் எதிரே, அது அடைபட்டால் எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று எழுதுங்கள். எந்தக் கேள்வியும் இல்லாத ஓட்டையை அடைக்கப் பணம் கேட்க வேண்டாம்.

கேள்விகள் ஒவ்வொன்றையும் ஸ்பார்க்கிளாக எழுதி, எதிர்பார்க்கும் பதிலோடு சோதனையாகச் சேமியுங்கள். வேண்டுமென்றே கெடுத்த தரவுக் கோப்பு ஒன்றும் வேண்டும்: மாநிலம் பொருந்தாத ஜிஎஸ்டி எண், ஒரே பான் இரு பக்கமும் இருந்தும் "விற்பனை" என்று குறித்த இன்வாய்ஸ், இ-வே பில் இல்லாமல் ஓசூர் போன ஜாப் ஒர்க் சலான். இந்த மூன்றையும் பிடிக்காத விதித் தொகுப்பு வேலை செய்வதாகச் சொல்ல முடியாது. கிட்டில் ஒவ்வொரு மாற்றம் சேரும்போதும் ரீசனர், ஷாக்கிள், கேள்விச் சோதனை மூன்றும் தானாக ஓடட்டும். ரோபாட் என்ற கட்டளைவரிக் கருவி இதற்குத் தோதானது.

பிறகு

ஒவ்வொரு கருத்துக்கும் பொறுப்பாக ஒருவர் பெயர் வேண்டும், துறையின் பெயர் போதாது. "வழங்கல்" கணக்குக்காரருடையது, "லாட்" ஸ்டோர்ஸ்காரருடையது. பொருளை மாற்றும் உரிமை அவருக்கு, அதை எழுதும் வேலை மாடல் எழுதுபவருக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 30 நிமிடம் உட்கார்ந்தால் போதும். வேண்டாத கருத்தை அழிக்காதீர்கள். வழக்கொழிந்தது என்று குறித்து, பதிலாக எது வந்தது என்று சுட்டுங்கள்.

பழைய கஸ்டமர் குறியீடுகளுக்கும் இதே விதி. 290 குறியீடு சட்ட ஆட்களாகச் சுருங்கியதும் மென்பொருளில் மீதியை நீக்கிவிடலாமே என்று யாராவது கேட்பார்கள். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு வைத்திருக்க வேண்டும். அதுவரை வரும் நோட்டீஸ், வழக்கு, தணிக்கைக் கேள்வி எல்லாம் பழைய இன்வாய்ஸில் அச்சான குறியீட்டோடுதான் வரும். பழைய குறியீட்டில் புதுப் பில் போட முடியாதபடி பூட்டிவிட்டு, அது எந்தச் சட்ட ஆளுடையது, எந்தத் தேதி வரை புழங்கியது என்ற இரண்டு வரியை ஆன்டாலஜியில் விட்டுவையுங்கள்.